சாலையும் சக்கரமும் சுட்ட மண்ணும்

விரைவுக் கார் ஒன்றை விரும்பி வாங்கியவர், சில காலம் ஓட்டிப் பழகிய பிறகு, அதன் எஞ்சினைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அதன் சஸ்பென்ஷனைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். வளைவுக்குள் நுழையும் க்ஷணத்தில் கார் கைக்கு உடனே பணிகிறதா, பிரேக்கை அழுத்தும்போது முன்புறம் தாழ்ந்து அலைகிறதா, வளைவை விட்டு வெளியேறும்போது பின்புறம் அமுங்கித் தயங்குகிறதா என்பவை அப்போது அவருடைய விசாரங்களாகின்றன. இத்தகைய கார்கள் பலவற்றில், ஷாக் அப்சார்பரின் கடினத்தை ஓடும்போதே மாற்றித் தரும் மின்னணு அமைப்பு இப்போது இருக்கிறது. அதற்குக் கட்டளையிடும் சிறு பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே இணைப்பில் வேறொரு பெட்டியைப் பொருத்தினால், ஷாக் அப்சார்பரையோ சுருள்வில்லையோ தொடாமலே காரின் நடத்தை உயரும் என்று சொல்லும் ஒரு தனித் தொழிலும் வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் டி.பி.சி. ரேசிங் நிறுவனம் போர்ஷே, நிசான் ஜி.டி.ஆர். முதலிய கார்களுக்காகச் செய்து விற்கும் டி.எஸ்.சி. ஸ்போர்ட் என்னும் பெட்டி இவ்வகையில் பலர் அறிந்தது. இந்தக் கூற்று எவ்வளவு தூரம் உண்மை, எந்தச் சாலையில் உண்மை, எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பவற்றைப் பரிசீலிப்பதே இங்கு என் நோக்கம்.

விருத்தாசலத்தில் இருந்துகொண்டு இதை எழுத ஒரு காரணம் உண்டு. நெய்வேலி நிலக்கரிக்கு மேலே கிடந்து வெட்டி எடுக்கப்படும் களிமண்ணையும் வெண்களியையும் நம்பி வளர்ந்தது இவ்வூரின் செராமிக் தொழில். தொழிற்பேட்டையின் சூளைகளிலிருந்து பொம்மைகளும் ஜாடிகளும் வீட்டு மின்பலகைக்கான ஃபியூஸ் கட்டைகளும் நெடுங்காலமாக வெளியூர்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. விரைவுக் காரின் சஸ்பென்ஷனுக்கும் இந்தச் சூளைகளுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷனின் சரித்திரத்தில் மிகத் துணிவான அத்தியாயம் ஒன்றை எழுதியது சுட்ட மண்ணின் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளே. இன்றைய கட்டுப்பாட்டுப் பெட்டியின் உள்ளேயும் அந்த இனம் எங்கும் பரவிக் கிடக்கிறது. அதை இடையில் சொல்கிறேன்.

முதலில் சஸ்பென்ஷனின் தர்மத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பயணிகளின் சௌகரியத்துக்காகவே அது இருக்கிறது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. சௌகரியம் அதன் பயன்களுள் ஒன்றுதான். சாலையைப் பற்றி நிற்கும் டயரின் பிடிப்பைக் காப்பதே அதன் தலையாய காரியம். டயரின் மீது விழும் பாரம் கூடினால் பிடிப்பும் கூடுகிறது. ஆனால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. பாரம் ஒரு பங்கு ஏறும்போது கிடைக்கும் பிடிப்பைக் காட்டிலும், பாரம் அதே ஒரு பங்கு இறங்கும்போது இழக்கும் பிடிப்பு அதிகம். ஆகவே மேடு பள்ளங்களில் சக்கரத்தின் பாரம் ஏறி இறங்கி அலையும் கார், சராசரியில் அதே எடையைச் சுமந்தாலும், சராசரியில் குறைந்த பிடிப்பையே பெறுகிறது. நல்ல கையாளுமை என்று ஓட்டுநர்கள் புகழ்வதில் பெரும்பகுதி, நான்கு டயர்களின் பாரத்தையும் இயன்றவரை அலையாமல் வைத்திருப்பதன் பலனே.

இந்த அலைச்சலில் இரண்டு தனித்தனி இயக்கங்கள் உண்டு. காரின் உடல் தன் சுருள்விற்களின் மேல் மெதுவாக மிதப்பது ஒன்று. சாதாரணக் கார்களில் இது வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை அதிர்வு, விரைவுக் கார்களில் அதைவிடச் சற்று அதிகம். சக்கரமும் அதன் அச்சும் டயரின் நெகிழ்ச்சிக்கும் சுருள்வில்லுக்கும் இடையே துடிப்பது மற்றொன்று. இது வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து அதிர்வு. உடலின் மிதப்பை அடக்கும் அளவுக்கு ஷாக் அப்சார்பரைக் கடினமாக்கினால், சிறு கரடுகளின் அதிர்ச்சி அதன் வழியே நேராக உடலுக்கு ஏறும். அந்த அதிர்ச்சிக்காகத் தளர்த்தினால் உடல் மிதக்கும். எண்ணெயும் வால்வும் மட்டுமுள்ள பழைய ஷாக் அப்சார்பரில் வடிவமைப்பாளர் இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை இரும்பில் நிரந்தரமாக எழுதிவிட வேண்டியிருந்தது. மின்னணுக் கட்டுப்பாடு வந்ததன் முழுக் காரணமும் இந்த நிரந்தரத்தை உடைப்பதே.

1955-இல் வெளிவந்த சித்ரோன் டி.எஸ். கார், எண்ணெயையும் நைட்ரஜன் வாயுவையும் கொண்டு, சுமை ஏறினாலும் இறங்கினாலும் உடல் ஒரே உயரத்தில் நிற்கும்படி செய்தது. அது பெரிய சாதனை. ஆனால் கணத்துக்குக் கணம் கடினத்தை மாற்றும் அறிவு அதற்கு இல்லை. அந்த அறிவுக்கான சாஸ்திரத்தை 1974-இல் டீன் கார்னப் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டினார்கள். காரின் உடலை ஆகாயத்தில் உள்ள அசையாத கொக்கி ஒன்றுடன் ஷாக் அப்சார்பரால் பிணைத்துவிட முடிந்தால், சாலை எப்படி இருந்தாலும் உடல் அசையாது அல்லவா? ஆகாயத்தில் கொக்கி இல்லை. ஆகவே உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள ஷாக் அப்சார்பரையே, அந்தக் கற்பனைக் கொக்கி என்ன விசை தருமோ அதைத் தரும்படி ஏவ வேண்டும் என்பது அவர்களுடைய தத்துவம்.

அந்த ஏவலின் விதி வியக்கத்தக்க அளவு எளியது. உடல் மேலே போகிறது, அதே வேளையில் ஷாக் அப்சார்பர் விரிகிறது என்றால், அது உடலைக் கீழே இழுக்கிறது. அப்போது அது கடினமாக இருப்பது நன்மை. உடல் மேலே போகும்போது சக்கரம் அதைவிட வேகமாக மேலே வந்து ஷாக் அப்சார்பரை அமுக்குகிறது என்றால், அது உடலை இன்னும் மேலே தள்ளுகிறது. அப்போது அது தளர்ந்துவிட வேண்டும். இறங்கும்போதும் இப்படியே. இங்கே ஷாக் அப்சார்பரின் சுபாவத்தில் உள்ள ஓர் எல்லையையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஊஞ்சலை எட்டிப் பிடித்து நிறுத்துகிறவனைப் போல, இருக்கிற இயக்கத்தைத் தடுப்பதற்கு மட்டுமே அதனால் முடியும். இல்லாத இயக்கத்தை உண்டாக்க முடியாது. ஆகவே அதை ஏவும் பெட்டியின் கையில் உள்ள அதிகாரம், எப்போது, எவ்வளவு தடுப்பது என்பதுதான். காலத்தை அறிந்து கட்டளையிடுவதே அதன் கல்வி முழுவதும்.

காலம் என்பது இங்கே வெறும் பேச்சன்று. மணிக்கு நூறு கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் செல்கிறது. பத்து மில்லி வினாடியில் 28 சென்டிமீட்டர். 2.45 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள ஒரு காரில், முன்சக்கரம் ஏறிய மேட்டில் பின்சக்கரம் ஏறுவதற்குள் கிடைக்கும் அவகாசம் 88 மில்லி வினாடி. மேட்டை உணர்ந்து, தீர்மானித்து, வால்வைத் திறப்பதற்குள் மேடு கடந்துபோய்விட்டால், அந்தக் கட்டளை அடுத்த பள்ளத்தில் தவறான கட்டளையாக விடியும். தாமதமான அறிவு, அறிவே இல்லாத பழைய ஷாக் அப்சார்பரைவிடக் கேடு செய்யும் சந்தர்ப்பங்கள் உண்டு.

டொயோட்டா நிறுவனம் 1983-இல் தன் சோரர் காரில் மின்னணுவால் கடினத்தை மாற்றும் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. ஷாக் அப்சார்பரின் உச்சியில் இருந்த சிறு மோட்டார் ஒரு தண்டைத் திருப்பி, எண்ணெய் செல்லும் துவாரத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும். பிரேக் அழுத்தும்போதும் வளைவில் திரும்பும்போதும் கடினமாவதற்கு அது போதும். சாலையின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஈடுகொடுக்கும் வேகம் மோட்டாருக்குக் கிடையாது. இந்த இடத்தில்தான் செராமிக் நுழைகிறது. 1880-இல் பிரான்சின் க்யூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அப்படிகங்கள் நீள்வதும் பிறகு தெரிந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி பேரியம் டைட்டனேட்டும், 1950-களில் ஈய சிர்கோனேட் டைட்டனேட்டும் வந்தபோது, அதே குணத்தைச் சூளையில் சுட்ட செராமிக்கிலும் பெற முடிந்தது.

1989-இல் டொயோட்டா வெளியிட்ட சஸ்பென்ஷனில், ஷாக் அப்சார்பரின் உள்ளே, அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஐந்து செராமிக் வில்லைகளை அடுக்கிய ஓர் உணரி இருந்தது. சாலையின் மேடு ஷாக் அப்சார்பரில் அழுத்தத்தை எழுப்பியவுடன் அந்த வில்லைகள் மின்னழுத்தத்தைத் தரும். சுமார் இரண்டு மில்லி வினாடியில், அதாவது கார் ஒரு விரல் நீளம் நகர்வதற்குள், செய்தி பெட்டிக்குப் போய்விடும். அதே கனமுள்ள 88 வில்லைகளை அடுக்கிய மற்றொரு செராமிக் தூண் வால்வைத் திறக்கும் வேலையைச் செய்தது. அதற்கு 500 வோல்ட் கொடுத்தால், 44 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தத் தூண் நீளுவது வெறும் 50 மைக்ரான். தலைமயிரின் கனத்துக்கு ஒப்பான அந்த நீட்சியை எண்ணெய் வழியாக நாற்பது மடங்காக்கி, இரண்டு மில்லிமீட்டர் நகர்ச்சியாக மாற்றி, எண்ணெய்க்கு ஒரு பக்கவழியைத் திறந்தார்கள். சாலை சீராக இருக்கும்போது கடினமாக நின்று, மேடு வந்தவுடன் தளர்ந்து, கடந்ததும் மீண்டும் இறுகும் சஸ்பென்ஷன் அது. உணர்வதும் செராமிக், செயல்படுவதும் செராமிக் என்ற இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம், சுட்ட மண்ணை அசையாப் பொருளுக்கு உவமையாகச் சொல்லும் நம் வழக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வில்லைகளைச் செய்யும் முறையை நம்மூர்ச் சூளைக்காரர் ஒருவருக்கு விவரித்தால், பாதிக்கு மேல் அவருக்குத் தெரிந்ததாகவே இருக்கும். பொடிகளை அளந்து கலப்பது, அரைப்பது, அச்சில் அழுத்துவது, உலர்த்துவது, சுடுவது, சுடும்போது சுருங்கும் அளவை முன்கூட்டிக் கணக்கிடுவது எல்லாம் ஃபியூஸ் கட்டைக்கும் உண்டு. அதைச் சுடும் வெப்பமும் இவ்வகை வில்லைகளைச் சுடும் வெப்பமும் 1,200 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் என்ற அண்டை எல்லைகளில்தான் இருக்கின்றன. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஈய ஆக்சைடு சூட்டில் ஆவியாகி ஓடுவதால், மூடிய மூசைக்குள் ஈயத்தின் ஆவியிலேயே வைத்துச் சுட வேண்டும். சற்றுக் குறைந்தாலும் வில்லை தன் குணத்தை இழக்கும். சுட்ட பிறகு இருபுறமும் வெள்ளிப் பூச்சிட்டு, சூடான எண்ணெயில் அமிழ்த்தி, மில்லிமீட்டருக்கு இரண்டு மூன்று ஆயிரம் வோல்ட் கொடுத்தால்தான் உள்ளே திக்குக்கொன்றாகக் கிடக்கும் மின்முனைகள் ஒரு திசையில் திரும்பி நிற்கும். அதுவரை அது வெறும் ஓடு. இந்தியாவில் சாகிபாபாதிலுள்ள சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் என்ற அரசு நிறுவனம் இத்தகைய செராமிக்கை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. ஓசூரில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் அலுமினா முதலிய தொழில்துறைச் செராமிக்கைச் செய்கிறது. செராமிக் கல்வியும் கைத்திறனும் தலைமுறைகளாக உள்ள விருத்தாசலம் இந்தத் திசையில் போகாமல் நின்றுவிட்டது எனக்கு உண்மையான வருத்தம். மண்ணும் நெருப்பும் பழக்கமும் இருக்கின்றன. பொடியின் தூய்மையையும் சூளையின் ஒழுங்கையும் அளந்து காக்கும் பரிசோதனைச் சாலைகளுக்கு மூலதனம் வந்து சேரவில்லை.

சந்தையில் நிலைத்தவை வேறு வழிகள் என்பதையும் சொல்ல வேண்டும். மின்காந்த வால்வு வேண்டிய வேகத்தையும் மலிவையும் ஒருங்கே பெற்றவுடன் பல ஐரோப்பியக் கார்கள் அதை ஏற்றன. போர்ஷே 2004-இல் தன் 911 காரில் இதைக் கொண்டுவந்தது. மற்றொரு வழி, இரும்புத் துகள் கலந்த எண்ணெயைக் காந்தப் புலத்தால் கெட்டியாக்குவது. 1948-இல் ஜேக்கப் ராபினோ என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்ட இந்தத் திரவம், 2002-இல் காடிலாக் காரிலும் அடுத்து கார்வெட் காரிலும் ஷாக் அப்சார்பருக்குள் நுழைந்தது. நகரும் வால்வே இல்லாமல், கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டமே கடினத்தை நிர்ணயிப்பது இதன் விசேஷம்.

பந்தயக் களத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தடுப்பதோடு நில்லாமல் எண்ணெய்ப் பம்பின் பலத்தால் காரைத் தூக்கவும் தாழ்த்தவும் வல்ல முழு இயக்கச் சஸ்பென்ஷனை லோட்டஸ் அணி 1983-இல் ஃபார்முலா ஒன்றில் பரீட்சித்தது. 1987-இல் ஐர்ட்டன் சென்னா அத்தகைய காரில் மொனாக்கோவிலும் டெட்ராய்ட்டிலும் வென்றார். 1992-இல் நைஜல் மான்செல் வில்லியம்ஸ் காரில் உலகப் பட்டம் பெற்றார். 1994 முதல் அது தடைசெய்யப்பட்டது. பெரும்பாலான பந்தய விதிகள் மின்னணு ஷாக் அப்சார்பர்களை இன்றும் அனுமதிப்பதில்லை. ஆகவே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நடக்கும் பந்தயங்களில் இளைஞர்கள் கற்பதெல்லாம் பழைய முறை ஷாக் அப்சார்பரைக் கையால் திருகிச் சரிசெய்யும் வித்தையே. கோயம்புத்தூரில் வளர்ந்து 2005-இல் ஃபார்முலா ஒன்றில் முதல் இந்தியராக ஓட்டிய நாராயண் கார்த்திகேயனும் அந்த வித்தையில் தேர்ந்தவரே. மின்னணுப் பெட்டியை மாற்றும் விவகாரம், சாலையில் ஓட்டும் காரையே ஓய்வு நாட்களில் பந்தய ஓடுபாதைக்குக் கொண்டுபோகும் ஆர்வலர்களைச் சார்ந்தது.

இனிப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். கைக்கடக்கமான அலுமினியக் கூட்டுக்குள் ஒரு மின்பலகை. அதில் ஒரு நுண்செயலி, நான்கு ஷாக் அப்சார்பர்களுக்கும் மின்னோட்டத்தை அளந்து அனுப்பும் சுற்றுகள், அவற்றைச் சுற்றி அரிசிக் குருணையைவிடச் சிறியனவாகப் பல செராமிக் மின்தேக்கிகள். பேரியம் டைட்டனேட் ஏடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கிச் சுட்டவை அவை. காரின் உடலில் உள்ள முடுக்க உணரிகள், சக்கரத்துக்கு அருகில் உள்ள உயர உணரிகள், ஸ்டியரிங்கின் கோணம், பிரேக்கின் அழுத்தம், ஆக்ஸிலரேட்டரின் நிலை எல்லாம் காரின் தகவல் கம்பி வழியே பெட்டிக்கு வந்தவண்ணம் இருக்கும். இவற்றிலிருந்து உடலின் வேகத்தை அறிவது எளிதன்று. முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் கிடைக்கும் என்பது கணிதம். உணரியின் மிகச் சிறிய பிழையும் கூடிக்கொண்டே போய், நின்றிருக்கும் காரை மேலே பறப்பதாகக் காட்டும் என்பது அனுபவம். அதைத் தடுக்க வடிகட்டி வைத்தால் கட்டளையின் காலம் பிசகும். இந்த வடிகட்டியைத் தேர்வதில்தான் ஒரு பெட்டியின் தரம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. விளம்பரத்தில் இது பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை.

தொழிற்சாலைப் பெட்டி ஏன் முழுத் திறமையையும் காட்டுவதில்லை? அதைச் செய்தவர்கள் அறியாமையால் அல்ல. பனியிலும் பாலையிலும் ஓட வேண்டும். முதியவரும் இளைஞரும் ஓட்ட வேண்டும். எந்த டயரை மாட்டினாலும் ஆபத்து வரக் கூடாது. எண்ணெய் பழையதான பிறகும் நடத்தை மாறக் கூடாது. ஓசையும் குலுக்கமும் பற்றிப் புகார் வரக் கூடாது. இத்தனை நிபந்தனைகளுக்கும் பொதுவான கட்டளை, எந்த ஒரு நிபந்தனைக்கும் மிகச் சிறந்த கட்டளையாக இராது. அந்த இடைவெளியில் புதிய பெட்டிக்காரர் தம் லாபத்தைத் தேடுகிறார். பல கார்களில் உள்ள சாதாரணம், ஸ்போர்ட் என்ற இரு பொத்தான்களில் பின்னது பெரும்பாலும் நான்கு சக்கரங்களையும் ஒருசேர இறுக்குகிறது. வெளியார் பெட்டியோ ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி அட்டவணை வைத்து, பக்கவாட்டு விசை எவ்வளவு, அது எவ்வளவு விரைவாகக் கூடுகிறது, காரின் வேகம் என்ன என்பவற்றுக்கேற்பக் கட்டளையைப் பிரித்து அனுப்புகிறது. உரியவர் அந்த அட்டவணையை மடிக்கணினியில் தாமே திருத்தவும் முடிகிறது.

ஒரு வளைவை எடுத்துக்கொண்டு பார்த்தால் இதன் பயன் புலப்படும். நேர்ப்பாதையின் முடிவில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகிறார். முன்புறம் அமுங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் முன் ஷாக் அப்சார்பர்கள் இறுகி அமுங்கலை மெதுவாக்குகின்றன, பின்னவை இறுகிப் பின்புறம் எழுவதைத் தாமதப்படுத்துகின்றன. பிரேக்கைத் தளர்த்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். பக்கவாட்டு விசை கூடத் தொடங்கும் முன்பே, ஸ்டியரிங் திரும்பும் விரைவைக் கொண்டு வெளிப்பக்கத்துச் சக்கரங்கள் தயாராகின்றன. உடல் சாய்ந்து நிலைபெற்றதும் பெட்டி பிடியைச் சற்று விடுகிறது. ஓடுபாதை ஓரத்துக் கரடுகளை டயர் தழுவிச் செல்ல இந்தத் தளர்ச்சி அவசியம். வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டர் அழுந்த, பின்னவை மீண்டும் இறுகுகின்றன. எல்லாம் இரண்டு மூன்று வினாடிகளுக்குள். ஓட்டுநருக்குக் கிடைப்பது ஒரு திடமான நம்பிக்கை: கார் எங்கே நிற்கப்போகிறதோ அங்கே அலையாமல் போய் நிற்கிறது.

ஆனால் இதன் எல்லையையும் கூசாமல் சொல்லிவிட வேண்டும். 1,500 கிலோ எடையும் அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் 1.55 மீட்டர் சக்கர அகலமும் உள்ள கார், தன் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையில் வளையும்போது, உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்குச் சுமார் 480 கிலோ பாரம் மாறும். எந்தப் பெட்டியும் இதில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது. அது எடையும் உயரமும் அகலமும் சேர்ந்து விதித்தது. அந்தப் பாரம் முன்னும் பின்னும் எப்படிப் பங்கிடப்படும் என்பதையும், நிலைபெற்ற வளைவில், சுருள்வில்லும் உடல் சாய்வதைத் தடுக்கும் குறுக்குத் தண்டுமே தீர்மானிக்கின்றன. பாரம் மாறும் அந்த அரை வினாடிதான் ஷாக் அப்சார்பரின் ராஜ்யம். நூறு கி.மீ. வேகத்தில் அது 14 மீட்டர் சாலை. வளைவின் நுழைவாயில் முழுவதும் அதில் அடங்கிவிடும் என்பதால் அது அற்பமன்று. எனினும் நீண்ட வளைவின் நடுவில் முன்புறம் வெளியே நழுவும் காரைப் புதிய பெட்டி குணப்படுத்தும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். அவருக்கு வேண்டியது டயரும் சக்கரக் கோணமும் குறுக்குத் தண்டும்.

ஷாக் அப்சார்பரின் உறுப்பமைதியும் ஓர் எல்லை. பெரும்பாலானவற்றில் ஒரே வால்வுதான். இறுக்கினால் அமுங்கலும் விரிதலும் சேர்ந்தே இறுகும். 2023-இல் புதுப்பிக்கப்பட்ட போர்ஷே கயென் போன்றவற்றில் இரண்டு வால்வுகள் வைத்து இவற்றைப் பிரித்திருக்கிறார்கள். ஒற்றை வால்வில் எவ்வளவு நுட்பமான கட்டளை வந்தாலும், அது இரண்டுக்கும் பொதுவான ஒரு சமரசமாகவே முடியும். சக்கரத்தின் எடையைக் குறைப்பதும் இதே காரியத்துக்கு வேறு வாசல்: வார்ப்பிரும்புத் தட்டில் ஏறத்தாழப் பாதி எடையே உள்ள கார்பன் செராமிக் பிரேக் தட்டுகள், ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டிய துடிப்பையே குறைத்துவிடுகின்றன. இங்கும் செராமிக்கின் கை இருக்கிறது.

நம் சாலைகளின் விசேஷத்தைக் கணக்கில் கொள்ளாமல் இந்த ஆராய்ச்சி நிறைவுறாது. விருத்தாசலத்தைச் சுற்றிலும் உள்ளதைப் போல, நீரில் உப்பிக் கோடையில் சுருங்கும் களிமண்ணின் மேல் போட்ட சாலைகளில், கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைகள் உண்டாகிவிடும். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இருபது மீட்டர் இடைவெளி என்று கொண்டால், நூறு கி.மீ. வேகத்தில் கார் வினாடிக்கு 1.4 முறை தூக்கப்படும். உடல் இயல்பாக மிதக்கும் அதிர்வும் ஏறத்தாழ அதுவே. சீரான ஜெர்மன் நெடுஞ்சாலைக்காக எழுதிய தளர்ந்த கட்டளையில் கார் இங்கே தோணிபோல் ஏறி இறங்கும். பெட்டியின் அட்டவணையில் உடலின் மிதப்புக்குரிய பகுதியை இறுக்கிவிட்டால், சிறு கரடுகளின் கட்டளையைத் தொடாமலே, குணம் உடனே தெரியும். மாற்றுப் பெட்டி நமக்கு மெய்யாகவே உதவும் இடம் இது என்பது என் அபிப்பிராயம். ஓடுபாதையில் கிடைக்கும் ஓரிரு பத்தில் பங்கு வினாடியைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேகத்தடைகள் எதிர்த்திசையில் வாதிடுகின்றன. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி, வட்ட வில் வடிவத் தடை 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், 25 கி.மீ. வேகத்தில் கடக்கத் தக்கதாய் இருக்க வேண்டும். ஊருக்கு ஊர் போட்டிருக்கும் தடைகள் இந்த விதியை மதிப்பதில்லை என்பதை எவரும் அறிவர். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தரை இடைவெளியுள்ள காருக்கு, இத்தகைய தடைமேல் ஏறும்போது ஷாக் அப்சார்பர் தளர்ந்து கொடுக்க வேண்டும், இறங்கும்போது உடல் விழாமல் தாங்க வேண்டும். அந்த நிதான வேகத்தில் என்ன செய்வது என்பதைப் பல அட்டவணைகள் அலட்சியமாக விட்டுவிடுகின்றன. உஷ்ணமும் ஒரு காரணி. சித்திரை வெயிலில் எண்ணெய் இளகி, அதே மின்னோட்டத்தில் ஷாக் அப்சார்பர் முன்னைவிடத் தளர்வாக நிற்கும். காலையில் சரிசெய்த அட்டவணை பிற்பகலில் வேறொன்றாகிவிடும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த வித்தை வேர்விடத் தொடங்கியிருப்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் பிறந்து 2024 நவம்பரில் சென்னையில் வெளியிடப்பட்ட மின்சாரக் கார்களின் உயர்ரகங்களில், கடினத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர்கள் இருக்கின்றன. அவை விரைவுக் கார்கள் அல்ல. ஆயினும் நம் தடைகளையும் நம் அலைகளையும் நம் வெயிலையும் நாள்தோறும் கண்ட பொறியாளர்கள் அட்டவணை எழுதுவது பெரிய காரியம்.

வாங்க நினைப்பவருக்குச் சில நடைமுறைகள். புதிய டயர், சரியான காற்றழுத்தம், சக்கரக் கோணங்களின் ஒழுங்கு, தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுவது ஆகிய இவற்றைச் செய்யாமல் பெட்டியை மாற்றுவது வீண் செலவு. எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பருக்கு எந்தக் கட்டளையும் பயன்படாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஷாக் அப்சார்பருக்குக் கட்டளையிடும் பெட்டி பதிவுச் சான்றில் இடம்பெறும் பொருளன்று; எனினும் உத்தரவாதமும் காப்புறுதியும் வேறு சங்கதிகள். இரண்டிடமும் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே கை வைப்பது உசிதம். பழைய பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவ்வாறே.

பலனை நிச்சயிக்கும் முறை இன்னும் முக்கியம், ஏனெனில் விலை கொடுத்து வாங்கியதை நல்லதென்று உணர மனம் விரைகிறது. ஒரே சாலையில், ஒரே காற்றழுத்தத்தில், ஒரே வெப்ப வேளையில், பழைய கட்டளை, புதிய கட்டளை, மீண்டும் பழைய கட்டளை என்ற வரிசையில் ஓட்ட வேண்டும். எது இயங்குகிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரியாமல் அருகில் இருப்பவர் மாற்றினால் இன்னும் நன்று. உடலிலும் சக்கர அச்சிலும் ஒவ்வொரு முடுக்க உணரியைப் பொருத்திப் பதிவு செய்துகொண்டால், உடலின் மிதப்பு எவ்வளவு குறைந்தது, அதற்கு விலையாகச் சக்கரத்தின் துடிப்பு எவ்வளவு கூடியது என்ற இரண்டும் தனித்தனியே தெரியும். முதலாவதைக் கண்டு மகிழ்ந்து இரண்டாவதைப் பாராமல் விடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒரே வளைவில் ஓட்டுநர் ஸ்டியரிங்கை எத்தனை முறை திருத்துகிறார் என்பது எண்ணத் தக்க மற்றோர் அளவு. நம் சாலைகளுக்கென்றே வேறொரு பரீட்சையும் உண்டு. ஊர் எல்லைகளில் ஐந்தாறு சிறு தடைகளை நெருக்கமாகப் போட்டிருக்கும் இடத்தில், கார் ஒவ்வொரு தடைக்கும் சற்றுச் சற்றாகத் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் அடிப்பாகம் உரசுமானால், அமுங்கிய சுருள்வில் மீண்டு விரிவதற்குள் அடுத்த தடை வந்துவிடுகிறது, அதாவது விரிதலின் தடுப்பு மிகையாக இருக்கிறது என்று பொருள். அந்த வேகத்துக்குரிய கட்டளையை ஒரு படி தளர்த்தி, அதே இடத்தில், அதே வேகத்தில் மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.